பல்கலைக்கழக மாணவர்களுக்கான இணையவழிக் கலந்துரையாடல் குழுவை எப்படித் தொடங்குவது?

கேள்வி: மலையிறங்கி

மூத்தோருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் சேலத்தில் எம்.எஸ்சி. புவியமைப்பியல் முதலாண்டு படிக்கிறேன். வீடு ஏற்காட்டில் இருப்பதால், காலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, கடைசி மணி அடித்ததும் அவற்றையே ஏறிப் போகவேண்டிய நிலை. வகுப்பு முடிந்தபின் தேநீர்க் கடையில் உட்கார்ந்து பாடம் பேச எனக்கு வாய்ப்பதே இல்லை. நாமக்கல், தருமபுரிப் பக்கங்களிலிருந்து நாள்தோறும் வந்துபோகும் நண்பர்களுக்கும் இதே குறைதான்.

ஆகவே சென்ற பருவத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு குழுவைத் தொடங்கினேன். இணைப்பைப் பல கல்லூரி நண்பர்களுக்கும் அனுப்பியதில் ஒரே வாரத்தில் 140 பேர் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாவது வாரத்தில் அங்கே எஞ்சியவை காலை வணக்கப் படங்களும், எங்கிருந்தோ வந்த வேலைவாய்ப்புச் செய்திகளும், "நாளை விடுமுறையா?" என்ற கேள்வியும் மட்டுமே. நானாக ஒருநாள் "சார்னோகைட் பாறை பற்றி உங்கள் கருத்துகளைப் பகிரலாம்" என்று எழுதினேன். இருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். வேறெவரும் வாய் திறக்கவில்லை.

மீண்டும் தொடங்க விரும்புகிறேன். எத்தனை பேர் இருந்தால் சரியாக இருக்கும்? எந்தச் செயலி ஏற்றது? ஆசிரியர்களைச் சேர்க்கலாமா? மழைக்காலத்தில் எங்கள் பக்கம் சிக்னல் போய்ப் போய் வரும் என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

பதில் 1: வெள்ளைக்கல்

தம்பி, எண்ணிக்கையைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் உங்கள் கேள்வியைப் பாருங்கள். "கருத்துகளைப் பகிரலாம்" என்பது மேடையில் ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்து "ஏதாவது பேசுங்கள்" என்பதைப் போன்றது; பேசத் தெரிந்தவரும் பின்வாங்கிவிடுவார். பதில் சொல்ல இரண்டு நிமிடம் போதும், ஆனால் பதிலைப் பற்றிச் சண்டையிட இரண்டு நாள் வேண்டும் என்னும்படியான கேள்வியைத் தேடிப் பிடிப்பதில்தான் குழு நடத்துபவரின் திறமை இருக்கிறது.

உங்கள் சார்னோகைட்டையே எடுத்துக்கொள்வோம். மலைப்பாதையில் சாலைக்காக வெட்டிய பாறைச் சுவர் ஒன்றின் அருகே, பேருந்து வரும்வரை காத்திருக்கும் நேரத்தில், கீழே உதிர்ந்து கிடக்கும் ஒரு துண்டை எடுத்துச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். புதிதாக உடைந்த முகம் எண்ணெய் தடவியதைப் போன்ற மினுமினுப்போடு கரும்பச்சையாகவோ நீலச்சாம்பலாகவோ இருக்கும். விளிம்பில் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெளிறிச் செம்மண் நிறமாகியிருக்கும். அளவு தெரிவதற்காக அருகில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படமெடுத்து, "உள்ளே பச்சை, வெளியே பழுப்பு, இந்த நிறத்தை எந்தக் கனிமம் கொடுக்கிறது, எது மாற்றுகிறது?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் வரும். தவறான பதிலாவது வரும். அதுவே பேச்சைத் தொடங்கி வைக்கும்.

அடுத்த வாரம் ஒரு படி மேலே போகலாம். கல்கத்தாவில் ஆங்கிலேய வணிக அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குப் பயன்பட்ட கல்லை வைத்து இந்தப் பாறைக்குப் பெயரிட்ட புவியமைப்பியலாளர் தாமஸ் ஹாலண்டு இதைத் தீப்பாறை, அதாவது உருகிய குழம்பு இறுகி உண்டான பாறை, என்றே கொண்டார். ஆனால் கர்நாடகத்தின் கப்பல்துர்காவில், நைஸ் என்ற வரிகளுள்ள உருமாறிய பாறையே திட்டுத் திட்டாகச் சார்னோகைட்டாக மாறியிருப்பதைக் காணலாம். அப்படியென்றால் உங்கள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைப் பாறை எந்தக் கட்சி? இதைக் கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருக்கலாம், குழு தானே பேசிக்கொள்ளும்.

ஒரு சிறு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்படுவதால், பாறையை ஒளி ஊடுருவுமளவு மெல்லியதாகச் சீவித் தேய்த்த மெல்வெட்டை நுண்ணோக்கியில் எடுத்த படங்களில் கனிம எல்லைகள் குழைந்து போகும். அவற்றை ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எண்ணிக்கையைக் கேட்டீர்களே: எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரும் உங்களுக்கு நேரில் அறிமுகமானவர்களாக இருக்கட்டும்.

பதில் 2: நாமக்கல் வாசகி

மேலே சொன்ன அனைத்தும் சரி. ஆனால் செயலியை அவர் தொடவே இல்லை. மாணவிகள் ஏன் இத்தகைய குழுக்களில் வாய் திறப்பதில்லை என்பதற்கு அதில்தான் விடை இருக்கிறது.

நான் படித்த காலத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்த ஒரு குழுவில் ஒரு சந்தேகம் கேட்டேன். அன்றிரவே அறிமுகமில்லாத மூன்று எண்களிலிருந்து "ஹாய்" வந்தது. அதன்பின் அந்தக் குழுவில் நான் ஓர் எழுத்துகூட எழுதவில்லை. வழக்கமான வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவுடன் நம் கைபேசி எண் எல்லா உறுப்பினர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. டெலிகிராமில் எண்ணை மறைத்துவிட்டு, பயனர் பெயரோடு மட்டும் இருக்க முடியும். பழைய உரையாடலைப் புதிதாகச் சேருபவரும் படிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். ஒரே குழுவுக்குள் தேர்வு, களப்பயணம், பாடச் சந்தேகம் என்று தனித்தனித் தலைப்புகளைப் பிரித்துக்கொள்ளலாம். விடுமுறை விசாரிப்பவர்கள் ஒரு மூலையில் விசாரித்துக்கொண்டிருக்க, பாறை பேசுபவர்கள் தடையின்றிப் பேசலாம். அறிமுகமான எட்டுப் பேரோடு நின்றுவிடுவதாக இருந்தால் வாட்ஸ்அப்பே போதும்; பிற கல்லூரி மாணவிகளும் வரவேண்டும் என்றால் போதாது.

சிக்னல் பிரச்சினைக்கு எளிய வழி, காணொளிச் சந்திப்பை அடிப்படையாக வைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான். கூகுள் மீட் இலவசமாகக் கொடுப்பது மூவரோ அதற்கு மேலோ கூடினால் 60 நிமிடம், ஜூம் கொடுப்பது 40 நிமிடம். அதில் பாதி "கேட்கிறதா, கேட்கிறதா" என்பதிலேயே கழிந்துவிடும். ஞாயிறு மாலை கேள்வி, புதன் இரவுவரை பதில் என்று வைத்துக்கொண்டால், மூடுபனியில் சிக்கியவரும் மறுநாள் கீழே இறங்கியபின் எழுதிக்கொள்வார்.

பதில் 3: கருப்பூர்ப் பழையவன்

ஆசிரியர்களைச் சேர்க்கவேண்டாம். அவர்கள் மீது எனக்கு வருத்தம் ஏதுமில்லை. ஆனால் அவர்கள் உள்ளே வந்த மறுகணமே எல்லா விவாதமும் "நன்றி ஐயா" என்று முடிந்துவிடும். மாதம் ஒருமுறை விருந்தினராக அழையுங்கள், அதற்கு முன்பே கேள்விகளைத் திரட்டிக்கொடுங்கள்.

பதில் 4: ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

மேற்கண்ட நண்பர் சொல்வதை நானே ஒப்புக்கொள்கிறேன். வகுப்பில் நான் இல்லாதபோது என் மாணவர்கள் நன்றாகப் பேசியதை, கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன்.

இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். பொறுப்பாளராக இருக்கப் பலர் அஞ்சுகிறார்கள். யாரோ எழுதியதற்குத் தம்மீது வழக்கு வருமோ என்ற அச்சம். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஒருவர் குழுவின் நிர்வாகி என்ற பங்கை மட்டும் வகித்து வேறெதுவும் செய்யாதிருந்தால், உறுப்பினர் வெளியிட்ட பதிவுக்காக அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்ற நிலையை எடுத்தது. 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் அவ்வாறே கருதியது. ஆனால் இதனால் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்று பொருளில்லை. முதலாண்டு மாணவர்களை மூத்தவர்கள் இத்தகைய குழுக்களில் சேர்த்துத் தொல்லைப்படுத்துவதும் ராகிங்காகவே கருதப்படும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. இளையவரைக் கேலி செய்யும் பதிவு வந்தால், அதை நீக்குவதோடு எழுதியவரிடம் தனியே பேசுங்கள். மறுமுறையும் எழுதினால் வெளியேற்றுங்கள். நிர்வாகியாக இருவர் இருப்பது நல்லது, அவர்களில் ஒருவர் மாணவியாக இருப்பது அதனினும் நல்லது.

மற்றொன்று, குழுவின் பேச்சிலிருந்து ஏதாவது ஒரு பொருள் விளையவேண்டும். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். உலகின் வெவ்வேறு மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் ஒருவரையொருவர் பாராமலே, தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சிட்டும் பிழை பார்த்தும் இணையத்தில் ஏற்றினார்கள். வெறும் அரட்டைக்காகக் கூடியிருந்தால் அவர்கள் எப்போதோ கலைந்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். நீங்களும் வியாழன்தோறும் ஒருவர் முறைவைத்து, அந்த வாரத்துப் பேச்சை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிப் பொதுவான கூகுள் ஆவணத்தில் சேர்த்துவையுங்கள். பருவ முடிவில் பதினைந்து பக்கம் சேரும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அதைக் கேட்டுப் பலர் உங்கள் கதவைத் தட்டுவார்கள்; உறுப்பினர் எண்ணிக்கையை அப்போது உயர்த்திக்கொள்ளலாம்.

மலையிறங்கி எழுதுகிறேன்

அனைவருக்கும் நன்றி. 140 பேர் கொண்ட பழைய குழுவை அப்படியே விட்டுவிட்டேன். விடுமுறை விசாரிக்க அது தேவைப்படுகிறது என்று நண்பர்கள் சொன்னார்கள். டெலிகிராமில் ஒன்பது பேரோடு புதிதாகத் தொடங்கியிருக்கிறேன். எட்டு என்று அண்ணன் சொன்னார், ஆனால் ஓமலூர் நண்பனை விட்டுவிட மனமில்லை. வாசகி அக்கா சொன்னபடி எண்களை மறைக்கும் முறையை முதல் செய்தியாகவே எழுதி நிலைநிறுத்திவிட்டேன். வகுப்புத் தோழி ஒருத்தி இரண்டாவது நிர்வாகியாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

நேற்று மலையேறும் வழியில் இறங்கிக் கொண்டு ஒரு துண்டை உடைத்தேன். அடுத்த பேருந்துக்காக முக்கால் மணிநேரம் நிற்கவேண்டியதாயிற்று. படத்தை நாணயத்தோடு ஞாயிறு மாலை ஆறு மணிக்கு இட்டேன். ஏழு மணிக்குள் நான்கு பதில்கள் வந்தன. அவற்றில் ஒன்று, "அது சார்னோகைட்டே இல்லை, டோலரைட்" என்கிறது. கல் என் பையில்தான் இருக்கிறது. நாளை மெல்வெட்டு எடுத்துப் பார்க்க ஆய்வகத்தில் கேட்டிருக்கிறேன்.