கம்யூனிட்டியின் பிந்திய சீசன்கள்: திருகோணமலையில் பார்த்தவர்களின் அனுபவங்கள்

கோணேசபுரிப் பழைய மாணவன் எழுதியது:

கிரீன்டேல் என்ற கல்லூரியின் படிப்புக் குழு ஒன்றைப் பற்றிய அமெரிக்க நகைச்சுவைத் தொடரான கம்யூனிட்டியின் ஐந்தாம் சீசனில், ஏபெட்டின் உற்ற நண்பன் ட்ரோய் விடைபெறும் அத்தியாயத்தை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். கல்லூரியின் தரை முழுவதும் எரிமலைக் குழம்பு என்று ஏபெட் அறிவித்து, கால் கீழே படாமல் கடைசிவரை தாக்குப்பிடிப்பவருக்கு 50,000 டொலர் பெறுமதியான காமிக் புத்தகம் ஒன்றைப் பரிசாக வைப்பான் அல்லவா, அதுதான். 2014 ஜனவரி 30ஆம் திகதி ஒளிபரப்பான அந்த அத்தியாயத்தை, நாங்கள் சில மாதங்கள் கழித்து, நிலாவெளி வீதியில் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் ஒரே மடிக்கணினியைச் சுற்றியிருந்து பார்த்தோம்.

படம் முடிந்த மறுகணமே விளையாட்டு தொடங்கிவிட்டது. இறுதியாண்டுப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய வளர்ந்த பிள்ளைகள், கட்டிலிலிருந்து பிளாஸ்டிக் கதிரைக்கும், கதிரையிலிருந்து கவிழ்த்துப் போட்ட வாளிக்கும் தாவிக்கொண்டிருந்தோம். சத்தம் கேட்டு வீட்டுக்கார அன்ரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "என்ன தம்பிமார் நடக்குது?" என்று கேட்டார். மூதூர் நண்பன் கதிரையில் நின்றபடியே, "நிலமெல்லாம் நெருப்பு அன்ரி, கால் வைக்காதீங்க" என்றான். உள்ளே வைக்கப்போன காலை அவர் பின்னுக்கு எடுத்தார். வாசற்படியில் நின்றுகொண்டு, "நாங்கள் தண்ணிக்குப் பயந்து கூரையில ஏறினம், நீங்கள் நெருப்புக்குப் பயந்து கதிரையில ஏறி நிக்கிறீங்களோ" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர்களுடைய பழைய வீடு கடற்கரையை ஒட்டி இருந்ததும், 2004 டிசம்பரில் அது இல்லாமற் போனதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் உண்மையாகவே சிரித்தார். எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கடைசிவரை அவர் அறைக்குள் கால் வைக்காமலே திரும்பிப் போனார். அந்த அத்தியாயத்தில் மற்றவர்களுக்கு விளையாட்டாக இருப்பது ஏபெட்டுக்கு மட்டும் உண்மையான எரிமலைக் குழம்பாகத் தெரிகிறது, ஏனென்றால் நண்பன் போகப்போவதை அவனால் வேறு எந்த விதமாகவும் தாங்க முடியவில்லை. அன்ரி எங்கள் விளையாட்டை மதித்துத்தான் உள்ளே வரவில்லையா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இப்படிப் பிந்திய சீசன்களோடு ஒட்டிக்கொண்ட ஏதாவது உங்களிடமும் இருந்தால் எழுதுங்கள்.

உவர்மலை வாசகி எழுதியது:

எல்லோரும் ஐந்தாம் சீசனிலிருந்துதான் தொடங்குகிறார்கள், நான்காம் சீசன் என்று ஒன்று எடுக்கப்படவேயில்லை என்பதுபோல. உயர்தர டியூசன் வகுப்புத் தோழி எனக்குத் தந்த பென்டிரைவில் இருந்தது அந்த ஒரு சீசன் மட்டுந்தான். தொடரை உருவாக்கிய டான் ஹார்மனை 2012 மே மாதம் நீக்கிவிட்டு, டேவிட் குவாராசியோ, மோசஸ் போர்ட் ஆகிய இருவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள் என்ற வரலாறு ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரியாத காரணத்தால் நிம்மதியாகச் சிரித்தேன். படிப்புக் குழுவினர் வெப்பக்காற்றுப் பலூனில் ஏறிப்போய்க் காட்டில் விழுந்து, அங்கே நடந்ததை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்ல முடியாமல், கைப்பொம்மைகளை வைத்துக்கொண்டு சொல்லும் அத்தியாயம் எனக்கு மனப்பாடம்.

சில ஆண்டுகள் கழித்து, கொழும்பிலிருந்து வரும் இரவுப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருந்த அக்கா ஒருவர் தொலைபேசியில் ஐந்தாம் சீசன் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் இந்தத் தொடர் பார்த்திருக்கிறேன், நான்காம் சீசன், என்று ஆசையோடு சொன்னேன். அவர் ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றி, "ஐயோ தங்கச்சி, அதை ஏன் பார்த்தீங்கள்?" என்று கேட்டபோது இருந்த முகம், கெட்டுப்போன மீனைத் தின்றுவிட்ட பிள்ளையைப் பார்க்கும் தாயின் முகம். ஹபரணையில் தேநீருக்காகப் பேருந்து நின்றபோது, அந்த ஆண்டை வாயுக் கசிவு ஆண்டு என்று ஐந்தாம் சீசனின் பாத்திரங்களே சொல்லிக் கடந்துபோகும் இடத்தைத் தேடியெடுத்து எனக்குக் காட்டினார். அன்பாகத்தான் காட்டினார். எனக்கு அழுகை வந்தது.

நீக்கப்பட்டவர் திரும்பி வந்து, தான் இல்லாத ஓராண்டைப் பாத்திரங்களின் வாயாலேயே விஷவாயு என்று சொல்ல வைப்பதைப் பகிடி என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது பழிதீர்த்தலாகவே படுகிறது. அந்த ஆண்டிலும் நடித்தவர்கள் அதே நடிகர்கள்தானே.

இரவுத் தபால் ரயில் எழுதியது:

கோணேசபுரித் தம்பியின் கதை நன்று. உவர்மலைத் தங்கச்சியின் கோபமும் எனக்கு விளங்குகிறது, ஆனால் வரிசை பிழைத்தால் எந்தத் தொடரும் பிழைக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும். என்னுடைய அனுபவம் சிறியது: ஆறாம் சீசனைப் பதிந்து தரும்படி நகரத்தில் ஒரு சீடி கடையில் கேட்டபோது, கடைப் பையன் அதைத் தேடிப் பிடித்துப் பதிந்துவிட்டு, "இதை ஒருத்தரும் கேட்கிறதில்லை அண்ணா, காசு வேண்டாம்" என்றான். ஏன் காசு வேண்டாம் என்றான் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

இனிப் பார்க்கப்போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். முதல் மூன்று சீசன்களில் 71 அத்தியாயங்கள் இருக்கின்றன. அவற்றை முடிக்காமல் பிந்தியவற்றைத் தொடுவதில் பயனில்லை, ஏனென்றால் பிந்திய சீசன்களின் பகிடிகளில் பாதி முந்தியவற்றை நினைவில் வைத்திருப்பவர்களுக்கானவை. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது ஆகிய மூன்றும் தலைக்கு 13 அத்தியாயங்கள்; ஆகமொத்தம் 110. நான்காம் சீசனில் பொம்மை அத்தியாயம் உட்பட நாலைந்தைத் துணிந்து தவிர்க்கலாம், தங்கச்சி கோபிக்கக் கூடாது. ஐந்தாம் சீசனின் முதல் ஐந்தையும் ஒரே இருப்பில் பார்த்துவிட வேண்டும். குழுவின் முதியவரான பியர்ஸ் இறந்த செய்தி, அவருடைய உயில், ட்ரோயின் பயணம் மூன்றும் ஒரே இழை என்பது அப்போதுதான் தெரியும். அதன் பிறகு ஓரிரு நாள் இடைவெளி விடுங்கள். ட்ரோய் இல்லாத மேசையைக் கண் ஏற்றுக்கொள்வதற்கு நேரம் வேண்டும்.

ஆறாம் சீசன் தொலைக்காட்சியில் அல்ல, 2015 மார்ச் மாதம் தொடங்கி யாகூ ஸ்கிரீன் என்ற இணையக் காணொளித் தளத்தில் வெளிவந்தது; விளம்பர இடைவேளைக்காக வெட்ட வேண்டிய தேவை இல்லாததால் அத்தியாயங்கள் சற்று நீளமானவை, எனவே பொறுமை தேவை. ஷெர்லியாக நடித்த இவெட் நிக்கோல் பிரவுன் தம் தந்தையைப் பராமரிப்பதற்காக விலகியிருந்தார். பஜெட் புரூஸ்டரும் கீத் டேவிட்டும் புதிதாக வந்தார்கள். இவர்களைப் பழையவர்களோடு ஒப்பிட்டுக்கொண்டே பார்த்தால் சீசன் முழுவதும் வீணாகிவிடும். ஆங்கில வசன வரிகளைப் போட்டே பாருங்கள், ஏபெட் பேசும் வேகத்துக்கு நம் காது போதாது. ஆனால் தனியாக இறக்கிய வசனக் கோப்பு உங்கள் பிரதிக்குப் பொருந்துகிறதா என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சரிபார்க்க வேண்டும். தரவிறக்குவதாயின் இரவு நேர டேட்டாவில் இறக்குங்கள். வாடகை அறையில் இருப்பவர்கள் இயர்போன் பாவியுங்கள், வீட்டுக்காரர் வந்து நிற்க மாட்டார்.

திருக்கடலூர் எழுதியது:

கோணேசபுரி நண்பர் அந்த அத்தியாயத்தின் விளையாட்டைச் சொன்னார், படகைச் சொல்லவில்லை. பியர்ஸின் படகில் உலகைத் தனியாகச் சுற்றிவந்தால் 14.3 மில்லியன் டொலர் பெறுமதியான பங்குகள் உனக்கு என்ற உயிலின்படிதான் ட்ரோய் போகிறான். குழுவினர் ஒவ்வொருவராக வந்து கட்டியணைத்து, ஒவ்வொருவரும் தமக்குரிய சொல்லைச் சொல்லி அவனை அனுப்பிவைக்கிறார்கள்.

என் நண்பன் 2012இல் படகேறினான். அந்த ஆண்டு கிழக்குக் கரையிலிருந்து அவுஸ்திரேலியா நோக்கிப் போனவர்கள் எத்தனை பேர் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர்களில் எவரையும் வரிசையில் நின்று வழியனுப்ப முடியாது, சொன்னால் பயணம் கெட்டுவிடும். முதல்நாள் மாலை டச் பே கடற்கரையில் கச்சான் தின்றபடி, மறுநாள் கிரிக்கெட்டைப் பற்றித்தான் கதைத்தோம். எழுந்து போகும்போது, "நாளைக்குப் பந்து நீ கொண்டு வாடா" என்றான். நான் பந்தோடு போய் நின்றேன்.

அத்தியாயத்தைப் பார்த்தபோது என்னோடு இருந்தவர்களுக்கு இது தெரியாது. படகில் ட்ரோயுடன் பிரபல நடிகர் லெவார் பேர்ட்டன் வந்து சேரும் இடத்தில் அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பின்னால் ஓர் அத்தியாயத்தில், லெவார் பேர்ட்டனும் பிரபலமல்லாத துணை ஒருவரும் மெக்சிக்கோ வளைகுடாவில் கடற்கொள்ளையரிடம் அகப்பட்டார்கள் என்று தொலைக்காட்சிச் செய்தி போகிறது. பிரபலமல்லாத துணை என்ற இடத்தில் அறையே அதிர்ந்தது. நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். அவன் கரைசேர்ந்துவிட்டான், இப்போது மெல்பேர்னில் இருக்கிறான், அடிக்கடி கதைக்கிறோம். பந்து விடயத்தை அவன் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை.

இரவுத் தபால் ரயில் அண்ணாவுக்கு: ஓரிரு நாள் இடைவெளி போதாது.

கிண்ணியாப் பாலம் எழுதியது:

திருக்கடலூர் நண்பரின் மனதை நோகடிக்க விரும்பவில்லை, ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நகைச்சுவைத் தொடரின் ஒவ்வொரு வரியையும் நம் ஊர்த் துயரத்தோடு பொருத்திப் பார்க்கத் தொடங்கினால், சிரிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. அந்தத் தொடர் தன் பாத்திரங்களின் சாவையே விட்டுவைக்கவில்லை. பியர்ஸ் இறந்த பிறகு அவருடைய உயிலை வாசிக்க வந்தவர், எல்லோரையும் பொய் கண்டறியும் கருவியில் இணைத்துவிட்டு, இறந்தவர் எழுதிவைத்த கேள்விகளைக் கேட்டு ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க வைக்கிறார். முடிவில் ஆனிக்குக் கிரீடமும் ஷெர்லிக்குப் புளோரிடாவில் விடுமுறை வீட்டுப் பங்கும் கிடைக்கின்றன. இறந்தவர் மீதான அன்பும் கேலியும் ஒரே வாக்கியத்தில் வருவதுதான் அந்தத் தொடரின் குணம்.

2020 மே மாதம் நடிகர்கள் எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தபடியே அதே அத்தியாயத்தை நிதி சேகரிப்புக்காக வாசித்தார்கள். உயில் வாசிப்பவராக, முதலில் நடித்த வோல்ட்டன் கொகின்ஸுக்குப் பதில் பெட்ரோ பாஸ்கல் வந்திருந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் அவர் தடுமாறியதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் சிக்னல் சரியாகக் கிடைப்பது வாசல் மதிலடியில் மட்டும். கோவிட் ஊரடங்கு இரவொன்றில் அங்கே நின்று நானும் அவரோடு சேர்ந்து சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது, ரோந்து வந்தவர் ஒருவர் மதிலுக்கு அப்பால் நின்று, யாரோடு கதைக்கிறாய் என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். திரையைத் திருப்பிக் காட்டினேன். சிறு சிறு சதுரங்களில் முகங்கள் இருந்ததைப் பார்த்து, "சூம் கிளாஸா?" என்றார். கல்லூரி வகுப்பு என்று சொன்னேன். முழுப் பொய்யும் அல்ல. அவர் உடனே போய்விடவில்லை. பெட்ரோ பாஸ்கல் கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை மதிலில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "நல்ல சேர்" என்று சொல்லிப் போனார்.

உள்துறைமுக வீதி எழுதியது:

கடைசி அத்தியாயத்தை ஒருவரும் தொடவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். ஆனி எஃப்பிஐ பயிற்சிக்காக வாஷிங்டனுக்கும், ஏபெட் படப்பிடிப்பு உதவியாளராக லொஸ் ஏஞ்சல்ஸுக்கும் புறப்படுகிறார்கள். அதே குழுவின் ஜெஃப் அவர்களை விமான நிலையத்தில் இறக்கிவிட்டுத் தான் மட்டும் கிரீன்டேலுக்குத் திரும்புகிறான். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற அப்பா பக்கத்தில் வந்து அமர்ந்தார். ஆங்கிலம் அவ்வளவாக விளங்காதவர், கதையைக் கேட்டார், சுருக்கமாகச் சொன்னேன்.

எங்கள் வட்டத்தில் வேன் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். டொரொன்டோவுக்கும் டோகாவுக்கும் இலண்டனுக்கும் போன நண்பர்களில் பெரும்பாலானோரைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறக்கிவிட்டவன் நான்; இரவில் புறப்பட்டு, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று தூங்காமல் ஓட்டிப்போய், விடியற்காலையில் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, பெட்டிகள் இல்லாத வேனைத் திரும்ப ஓட்டிவருவதுதான் என் வேலை. ஜெஃப் காரில் திரும்பும் காட்சி முடிந்ததும் அப்பா, "வாகனம் வைச்சிருக்கிறவன்தான் கடைசியில ஊரில மிஞ்சுவான்" என்றார். அவர் ஜெஃபைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் இன்னொருவனை ஏற்றிப்போக ஏற்கெனவே சம்மதித்திருந்தேன். அந்தப் பயணம் முழுவதும், போகிறவன் தூங்கிவிட்டான், எனக்கு இந்த வாக்கியம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

கிண்ணியா நண்பரே, பொருத்திப் பார்ப்பதும் பார்க்காததும் நம் கையில் இல்லை. பக்கத்தில் இருப்பவர் பொருத்திவிடுகிறார்.

ஆறாம் சீசனை யாரும் கேட்பதில்லை என்று சீடி கடைப் பையன் சொன்னது உண்மையாக இருக்கலாம். யாகூ நிறுவனமே இந்தத் தொடரையும் மற்றிரு தொடர்களையும் சேர்த்து 42 மில்லியன் டொலர் நட்டக் கணக்கு எழுதியது, 2016 தொடக்கத்தில் யாகூ ஸ்கிரீனையும் மூடிவிட்டது. ஆனால் இரவுத் தபால் ரயில் அண்ணாவின் அட்டவணையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அப்பா என்னோடு சேர்ந்து தொடரை ஆங்காங்கே பார்க்கத் தொடங்கினார், வரிசை ஒன்றும் இல்லாமல், கையில் அகப்பட்டதைப் போட்டு. அவர் இரண்டாம் முறை போடச் சொல்லிக் கேட்டது ஒன்றே ஒன்று, நீங்கள் துணிந்து தவிர்க்கச் சொன்ன அந்தப் பொம்மை அத்தியாயம். உவர்மலைத் தங்கச்சிக்கு இதைத் தெரிவிக்கும்படி அவரே சொன்னார்.