அதிக ஆட்டங்களில் வென்ற அணி கீழே நிற்பது எப்படி? என்பிஏ பட்டியல் கணக்கு குறித்து ஒரு கேள்வி

கேள்வி

கால்பந்துப் புள்ளிப்பட்டியலையே பார்த்துப் பழகிய எனக்கு, வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் கூடைப்பந்துப் பட்டியல் பிடிபடவில்லை. வெற்றிக்கு இத்தனை, சமனுக்கு இத்தனை என்ற புள்ளிக் கணக்கே அதில் இல்லை. பருவத்தின் நடுவே 24 வெற்றி, 10 தோல்வி கண்ட அணியை, 20 வெற்றி, 8 தோல்வி கண்ட அணிக்குக் கீழே வைப்பார்களாம். நான்கு வெற்றி கூடுதலாகப் பெற்ற அணி எப்படிக் கீழே போகும்? போதாக்குறைக்கு, 'கேம்ஸ் பிஹைண்ட்' என்ற கட்டத்தில் இரண்டரை, மூன்றரை என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். அரை ஆட்டத்தை எப்படி ஆடுவார்கள் என்று என் மகள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் 1

கூடைப்பந்தில் சமன் கிடையாது. ஆட்டம் சமநிலையில் முடிந்தால், ஓர் அணி வெல்லும்வரை ஐந்தைந்து நிமிடங்களாகக் கூடுதல் நேரம் ஆடியே தீர வேண்டும் என்பதால், வெற்றியும் தோல்வியும் மட்டுமே எஞ்சுகின்றன. ஆடிய ஆட்டங்களில் எத்தனை பங்கு வெற்றி என்று வகுத்து வரும் வெற்றி விகிதத்தைக் கொண்டு அணிகளை வரிசைப்படுத்துகிறார்கள். நீங்கள் சொன்ன எடுத்துக்காட்டில் 20-ஐ 28-ஆல் வகுத்தால் 0.714, 24-ஐ 34-ஆல் வகுத்தால் 0.706. ஆகவே 20-8 அணிதான் மேலே. பருவ முடிவில் 30 அணிகளும் தலா 82 ஆட்டங்களை முடித்திருக்கும் என்பதால், இந்தக் குழப்பம் இடைக்காலத்தில் மட்டுமே தலைகாட்டும்.

கேம்ஸ் பிஹைண்ட் என்பது முன்னணி அணிக்கும் மற்ற அணிக்கும் உள்ள தூரம். வெற்றிகளில் உள்ள வித்தியாசத்தையும் தோல்விகளில் உள்ள வித்தியாசத்தையும் கூட்டி, இரண்டால் வகுக்க வேண்டும். முன்னணி அணி இன்று வென்று, பின்னால் உள்ள அணிக்கு இன்று ஆட்டமே இல்லையென்றால் தூரம் அரை கூடும்; அந்த அணியும் ஆடித் தோற்றால் முழு ஒன்று கூடும். உங்கள் மகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: யாரும் அரை ஆட்டம் ஆடுவதில்லை, ஓர் அணி மட்டும் ஆடிய நாளின் அடையாளம்தான் அந்த அரை.

பதில் 2

மேலே உள்ள விளக்கம் சரியே. ஆனால் இரு கணக்குகளும் எப்போதும் ஒன்றுபோலவே பேசும் என்று எண்ணிவிட வேண்டாம். அதே 20-8, 24-10 அணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள அணிக்கு வெற்றியில் நான்கு கூடுதல், தோல்வியிலும் இரண்டு கூடுதல். மேலே உள்ள அணியின் பக்கமிருந்து பார்த்தால் வெற்றியில் கழித்தல் நான்கு, தோல்வியில் கூட்டல் இரண்டு; கூட்டி இரண்டால் வகுத்தால் கழித்தல் ஒன்று வரும். அதாவது பட்டியலில் கீழே நிற்கும் அணி, தூரக் கணக்கில் ஓர் ஆட்டம் முன்னால் நிற்கிறது! இரண்டும் முரண்படும்போது வரிசையை முடிவுசெய்வது விகிதமே.

வெறும் தகவலாக இருந்த இந்தத் தூரம் ஒருமுறை விதியாகவே மாறியது. 2020-இல் பெருந்தொற்றால் தடைபட்ட பருவத்தை ஓர்லாண்டோவில் தொடர்ந்தபோது, எட்டாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் இடையே நான்கு ஆட்டங்களோ அதற்குக் குறைவோ இடைவெளி இருந்தால், பருவத்துக்குப் பிந்தைய நாக்-அவுட் சுற்றுகளான பிளேஆஃபின் கடைசி இடத்துக்காக இரு அணிகளும் மோத வேண்டும் என்று வைத்தார்கள். போர்ட்லாந்து 35-39, மெம்பிஸ் 34-39. ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையே வேறு, இடைவெளி வெறும் அரை. ஒன்பதாம் இடத்து மெம்பிஸ் இருமுறை வெல்ல வேண்டியிருந்தது. போர்ட்லாந்துக்கு ஒரு வெற்றி போதும். முதல் ஆட்டத்திலேயே 126-122 என்று போர்ட்லாந்து வென்று கதையை முடித்துவிட்டது.

கேட்டவர்

நன்றி, இப்போது விளங்குகிறது. 82 ஆட்டங்களும் முடிந்து இரு அணிகள் ஒரே கணக்கில் நின்றால் என்ன செய்வார்கள்?

பதில் 3

அது அடிக்கடி நடப்பதுதான். முதலில் ஒன்று: என்பிஏ அணிகள் கிழக்கு, மேற்கு என இரு கான்ஃபரன்ஸ்களாகவும், ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் மூன்று டிவிஷன்களாகவும் பிரிக்கப்பட்டுள்ளன; வரிசை கான்ஃபரன்ஸ் வாரியாகத்தான். 2017-18 பருவத்தில் மேற்குக் கான்ஃபரன்ஸில் ஓக்லஹோமா சிட்டி, யூட்டா, நியூ ஓர்லியன்ஸ் மூன்றும் 48-34 என்று முடித்து முறையே 4, 5, 6-ஆம் இடங்களைப் பிடித்தன. அடுத்து சான் அன்டோனியோவும் மினசோட்டாவும் 47-35. அப்போது முதல் எட்டு அணிகளுக்கே பிளேஆஃப் என்பதால், ஒரே ஒரு வெற்றி குறைந்த டென்வர் ஒன்பதாம் இடத்தோடு வெளியேறியது. அதுவும் கடைசி நாளன்று மினசோட்டாவிடமே, கூடுதல் நேரத்தில், 112-106 என்று தோற்று!

இரண்டு அணிகள் சமமாக நின்றால், முதலில் பருவத்தில் அவை நேருக்கு நேர் மோதிய முடிவுகளைப் பார்ப்பார்கள். அதுவும் சமமென்றால் தன் டிவிஷனில் முதலிடம் பெற்ற அணிக்கு முன்னுரிமை. பிறகு, இரண்டும் ஒரே டிவிஷனைச் சேர்ந்தவையானால் டிவிஷனுக்குள் பெற்ற வெற்றி விகிதம், அடுத்து கான்ஃபரன்ஸுக்குள் பெற்ற விகிதம் என்று போய், மொத்தப் புள்ளி வித்தியாசம் கடைசியில்தான் வரும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அணிகள் என்றால் டிவிஷன் முதலிடம்தான் முதல் அளவுகோல்.

டிவிஷன் முதலிடத்துக்கு இப்போது இவ்வளவுதான் மதிப்பு. முன்பு அது பெரிய அநியாயத்துக்கே வழிவகுத்தது என்பேன். 2005-06-இல் டிவிஷன் வென்ற மூன்று அணிகளுக்கே முதல் மூன்று இடங்கள் என்று இருந்ததால், மேற்கில் 60 ஆட்டங்கள் வென்ற டாலஸ் நான்காம் இடத்திலும், 44 மட்டுமே வென்ற டென்வர் மூன்றாம் இடத்திலும் நின்றன. அதைவிட வேடிக்கை, 47 வெற்றியோடு ஆறாம் இடம் பெற்ற கிளிப்பர்ஸ்தான் முதல் சுற்றில் டென்வரை எதிர்கொண்டது. சொந்த அரங்கச் சாதகம் வெற்றி எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால் அதுவும் கிளிப்பர்ஸுக்கே போயிற்று. ஐந்தாம் இடத்து அணிக்கோ எதிராளி நான்காம் இடத்து டாலஸ். ஐந்தாவதைவிட ஆறாவதாக முடிப்பதே லாபம் என்ற நிலை! அடுத்த பருவமே விதியைத் திருத்தினார்கள். 2015-16 முதல் டிவிஷன் வென்றதற்காக உயர்ந்த இடம் தரும் வழக்கத்தையே விட்டுவிட்டார்கள்.

பதில் 4

சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் முறையில் புள்ளிகள் உண்டு: வெற்றிக்கு 2, தோல்விக்கு 1, ஆட வராமல் விட்டுக்கொடுத்தால் 0. தோற்றவருக்கும் ஒரு புள்ளி என்பதால், இடைக்காலப் பட்டியலில் அதிக ஆட்டம் ஆடிய அணி மேலே தெரியும். உங்கள் 24-10 அணிக்கு 58, 20-8 அணிக்கு 48.

கேட்டவர்

கடைசியாக ஒன்று: பருவத்தின் நடுவே நடக்கும் என்பிஏ கோப்பைப் போட்டியின் ஆட்டங்கள் இந்தக் கணக்கில் சேருமா?

பதில் 1

இறுதியாட்டம் தவிர மற்ற எல்லாம் சேரும். எனவே கோப்பை இறுதிக்கு வரும் இரு அணிகள் 83 ஆட்டங்கள் ஆடினாலும், பட்டியலில் 82-தான் இருக்கும்.