ஆஃபீஸ்ல பாதி சிஸ்டத்துக்கு நெட் வருது பாதிக்கு வரல, அவசரம்

கணக்கர்7
நண்பர்களே கொஞ்சம் உதவி பண்ணுங்க. நேத்துல இருந்து சில சிஸ்டத்துல நெட் வருது சிலதுல வரல, காலைல நல்லா ஓடுன சிஸ்டம் ரீஸ்டார்ட் பண்ணதும் போயிடுது, வராத ஒண்ணு திடீர்னு தானா வந்துடுது. வைஃபை சிக்னல் ஃபுல், ஆனா நோ இன்டர்நெட்னு காட்டுது. பிரிண்டரும் பாதி பேருக்கு ஆஃப்லைன். ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பாத்தாச்சு. வேலை எல்லாம் நிக்குது.

ராத்திரிஷிப்ட்
டிஎன்எஸ் (வெப்சைட் பேர நம்பரா மாத்தறது) தான் ப்ரோ. 8.8.8.8 போட்டு பாருங்க.

கேபிள்வேலை
எத்தனை சிஸ்டம்? வயரா வைஃபையா? நெட்வொர்க் ஸ்விட்ச் (கேபிள் எல்லாத்தையும் சேக்கற பொட்டி) இருக்கா? நேத்து புதுசா எதாவது மாட்டுனீங்களா? இதெல்லாம் சொல்லாம எப்படிங்க கண்டுபிடிக்கறது. எனக்கென்னவோ கேபிள் முனை கிரிம்பிங் லூஸ்னு தோணுது.

சர்வர்ரூம்
நெட் வரலன்னு கேக்க வர்றதுக்கு முன்னாடி ஐபிகான்ஃபிக் (ipconfig) கமாண்ட் அடிச்சு பாக்கணும், இது அடிப்படை. ஐபி (நெட்வொர்க்ல சிஸ்டத்தோட நம்பர்), சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் நாலும் என்னன்னு தெரியாதவங்க ஆஃபீஸ் நெட்வொர்க்ல கை வைக்கவே கூடாது. படிச்சிட்டு வாங்க.

பழையமோடம்
அவரே அவசரத்துல கேக்கறார், விடுங்க சார். கணக்கர் தம்பி, நெட் வர்ற சிஸ்டம் ஒண்ணுலயும் வராத சிஸ்டம் ஒண்ணுலயும் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் /ஆல் அடிச்சு ஐபிவி4 அட்ரஸ், டீஃபால்ட் கேட்வே (நெட்டுக்கு வெளிய போற வழி), டிஹெச்சிபி சர்வர் (சிஸ்டத்துக்கு தானா ஐபி குடுக்கறது) இந்த மூணு வரிய மட்டும் போடுங்க. 169.254ன்னு ஆரம்பிச்சா அதுக்கு யாருமே ஐபி குடுக்கலன்னு அர்த்தம், அப்படி இருந்தா சொல்லுங்க.

ராத்திரிஷிப்ட்
டிஎன்எஸ் மாத்தி பாத்தீங்களா?

கணக்கர்7
மாத்தினேன், வரல. மொத்தம் 9 சிஸ்டம், 6 வயர்ல.
வர்றது: 192.168.1.14, கேட்வே 192.168.1.1, டிஹெச்சிபி சர்வரும் அதே.
வராதது: 192.168.0.103, கேட்வே 192.168.0.1, டிஹெச்சிபி சர்வரும் அதே.
பின் ரூம்ல சிக்னல் இல்லன்னு நேத்து இன்னொரு வைஃபை ரவுட்டர் வாங்கி ஸ்விட்ச்ல மாட்டுனோம், ஆனா வயர்ல இருக்கற சிஸ்டத்துக்கும் வரலயே, அதனால அது காரணமா இருக்காதுன்னு நினைச்சேன்.

கேபிள்வேலை
அதே தாங்க காரணம்! கேபிள எந்த போர்ட்ல சொருகினீங்க?

கணக்கர்7
மஞ்சள்ல நாலு போர்ட் இருக்கு, அதுல ஒண்ணுல. நீலம் காலியா இருக்கு.

பழையமோடம்
சரி, புரிஞ்சிடுச்சு. உங்க நெட்வொர்க்ல இப்ப ரெண்டு டிஹெச்சிபி சர்வர் ஓடுது. சிஸ்டம் ஆன் ஆனதும் "எனக்கு ஒரு ஐபி குடுங்க"ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு பிராட்காஸ்ட் விடும், ஸ்விட்ச் அத எல்லா போர்ட்டுக்கும் அனுப்பும், அதனால வயரு வைஃபைன்னு வித்தியாசம் கிடையாது. எந்த ரவுட்டர் முந்திட்டு பதில் சொல்லுதோ பெரும்பாலும் அதோட ஐபிய தான் சிஸ்டம் எடுத்துக்கும். புது ரவுட்டர் முந்திட்டா கேட்வே 192.168.0.1னு தன்னையே குடுத்துடும், ஆனா அதோட நீல போர்ட்ல, அதாவது நெட் லைன் மாட்டற வான் போர்ட்ல, ஒண்ணுமே இல்ல, அப்புறம் நெட் எங்கிருந்து வரும். பிரிண்டர் 192.168.1 சீரிஸ்ல இருக்கும், இந்த சிஸ்டம் 192.168.0 சீரிஸ்ல, அதான் ஆஃப்லைன். ரீஸ்டார்ட் பண்ணும்போது மாறி மாறி வர்றதும் இதனால தான்.

முதல்ல புது ரவுட்டர் கேபிள ஸ்விட்ச்ல இருந்து உருவிட்டு, வராத சிஸ்டத்த ரீஸ்டார்ட் பண்ணுங்க. நெட் வந்துட்டா சந்தேகமே வேண்டாம். அப்புறம் ஒரு லேப்டாப்ப தனியா புது ரவுட்டர்ல மாட்டி, பிரவுசர்ல 192.168.0.1 திறந்து, லான் ஐபிய (ரவுட்டரோட சொந்த ஐபி) 192.168.1.2ன்னு மாத்துங்க. ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும், இப்ப 192.168.1.2ல உள்ள போய் டிஹெச்சிபிய டிசேபிள் பண்ணுங்க. திரும்ப அதே மஞ்சள் போர்ட்ல ஸ்விட்ச் கேபிள். முக்கியம்: மெயின் ரவுட்டர் 1.2ல இருந்தே ஐபி குடுக்குதான்னு பாருங்க, குடுத்தா டிஹெச்சிபி பூல், அதாவது அது குடுக்கற ஐபி வரிசை, 1.10ல இருந்து ஆரம்பிக்கற மாதிரி மாத்திடுங்க, இல்லன்னா ஒரு நாள் வேற சிஸ்டத்துக்கு அதே 1.2 போய் மோதும்.

ராத்திரிஷிப்ட்
இவ்ளோ எதுக்கு, கேபிள நீல போர்ட்ல மாத்தினா உடனே நெட் வந்துடும்.

கேபிள்வேலை
வரும், ஆனா டபுள் நாட் ஆயிடும், அதாவது ஒரு ரவுட்டருக்கு பின்னாடி இன்னொரு ரவுட்டரும் ஐபிய மாத்தும். பின் ரூம் ஆளுங்க தனி சப்நெட்ல, அதாவது வேற ஐபி சீரிஸ்ல இருப்பாங்க, பிரிண்டர் தேடினா கிடைக்காது, முன் ரூம்ல இருந்து அவங்க ஷேர் ஃபோல்டர திறக்கவும் முடியாது. வீட்டுக்கு ஓகே, ஆஃபீஸுக்கு வேணாம்.

சர்வர்ரூம்
ஆஃபீஸ்னா எல்லா சிஸ்டத்துக்கும் ஸ்டாட்டிக் ஐபி, அதாவது கையால போடற மாறாத ஐபி, போடணும். டிஹெச்சிபிய நம்பறதே சோம்பேறித்தனம்.

கேபிள்வேலை
9 சிஸ்டத்துக்கு கையால போட்டு, நாளைக்கு கேட்வே மாறினா ஒவ்வொண்ணா போய் திருத்துவீங்களா சார்? லேப்டாப்ப வெளிய கொண்டு போனா அங்க நெட் வராது. பிரிண்டருக்கு மட்டும் ரவுட்டர்லயே மேக் அட்ரஸ் (பிரிண்டரோட நெட்வொர்க் அடையாள நம்பர்) வச்சு ரிசர்வேஷன் போட்டா போதும், எப்பவும் அதே ஐபி தான் வரும்.

சர்வர்ரூம்
ஸ்டாட்டிக் போட்டிருந்தா இந்த பிரச்சனையே வந்திருக்காது.

பழையமோடம்
அது உண்மை தான், வயர் சிஸ்டம் தப்பிச்சிருக்கும். ஆனா பின் ரூம்ல வைஃபைல வர்ற ஃபோன் எல்லாத்துக்கும் யார் போய் ஸ்டாட்டிக் போடறது? ரெண்டாவது டிஹெச்சிபிய அணைக்கறது தான் வழி.

கணக்கர்7
கேபிள உருவினதும் எல்லாத்துலயும் வந்துடுச்சு. சொன்னபடி மாத்திட்டேன், பின் ரூம்லயும் வருது, பிரிண்டரும் ஓகே. ரொம்ப நன்றி அண்ணா.

கேபிள்வேலை
பிரிண்டருக்கு ரிசர்வேஷன் போட்டீங்களா? பூல் எதுல இருந்து ஆரம்பிக்குதுன்னு பாத்தீங்களா?

சர்வர்ரூம்
புது ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்டையும் மாத்துங்க. டீஃபால்ட்ல விட்டா வைஃபைல வர்ற யார் வேணும்னாலும் டிஹெச்சிபிய திரும்ப ஆன் பண்ணிடலாம்.