மறுமொழி: க்திதோர் என்பதற்குப் ‘புரவலர்’ போதாது

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். இடைக்காலச் செர்பிய வரலாற்றில், தேவாலயமோ மடமோ கட்டி அதன்மேல் உரிமை பெற்றவரைக் குறிக்கும் ‘க்திதோர்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ‘புரவலர்’ என்று இந்த இழையில் முன்மொழிந்திருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. புலவரைப் பேணியவரும் புரவலர்தான். ‘கொடையாளர்’ இன்னும் பொதுவானது; தேவாலயத்துக்கு மணி ஒன்று வாங்கித் தந்தவரையும் அப்படிச் சொல்லலாம்.

க்திதோர் செய்தது என்ன என்று பார்ப்போம். செர்பியப் பேரரசர் துஷான் காலத்துப் பெருங்குடியினரான யோவான் ஒலிவர், இன்று வடக்கு மாசிடோனியாவில் உள்ள லெஸ்னொவோவில், 1341இல் அதிதூதர் மிக்கேல் பெயரில் மடாலயத் தேவாலயம் எழுப்பினார். உள்ளே சுவரோவியத்தில் அந்தத் தேவாலயத்தின் சிறு வடிவத்தைக் கையில் ஏந்தி நிற்கிறார். 1349இல் ஓவியம் தீட்டி முடித்த முன்மண்டபத்தில் மீண்டும் வருகிறார். இப்போது ‘தெஸ்பொத்’ என்ற உயர்பட்டத்தோடு, மனைவியோடு. துஷானும் அரசி எலேனாவும் அதே மண்டபத்தில் இருக்கிறார்கள். நன்றிக்காக யாரோ வரைந்து வைத்த படம் என்று இதைக் கடந்துபோக முடியாது. கட்டியவருக்கு அந்த இடத்தின்மேல் இருந்த உரிமையைச் சுவரே அறிவிக்கிறது. வழிபாட்டில் அவர் பெயரைச் சொல்லி வேண்டுவார்கள். அங்கேயே அடக்கம் செய்யப்படலாம். மடத்தின் நிர்வாகத்தில் அவர் சொல்லுக்கு இடமுண்டு. வாரிசுகளுக்கும் அது தொடரும். பதிலுக்கு மடம் நிலைப்பதற்கான சொத்தை அவர்தான் எழுதிவைக்க வேண்டும். மூலமான கிரேக்கச் சொல்லின் பொருளே ‘உடையவர்’ என்பதுதான். அதற்காக ‘உரிமையாளர்’ என்று போட்டால் விற்று வாங்கும் சொத்து போல ஆகிவிடும்.

என் பரிந்துரை ‘எடுப்பித்தவர்’. தஞ்சைக் கல்வெட்டில் ராஜராஜன் ‘நாம் எடுப்பிச்ச’ என்று தன் கற்றளியை, அதாவது கல்லால் கட்டிய பெரிய கோயிலைச் சொல்கிறான். தானே கல் சுமக்காமல், தன் ஆணையாலும் பொருளாலும் கோயிலை எழச் செய்தவன் என்ற பொருள் அந்தப் பிறவினையிலேயே இருக்கிறது. க்திதோருக்கு உரிய சலுகைகளை ‘எடுப்பித்தோர் உரிமை’ எனலாம். பழைய தேவாலயத்தைப் புதுப்பித்தவரையும் ‘இரண்டாம் க்திதோர்’ என்பார்கள். ‘இரண்டாம் எடுப்பித்தவர்’ என்பது சற்று நெருடுகிறது, அங்கே ‘புதுக்குவித்தவர்’ பொருந்துமா என்று சொல்லுங்கள்.

கூடவே வரும் ‘ஸதுஷ்பினா’வுக்கு ‘அறக்கட்டளை’ வேண்டாம். இன்றைய செர்பியச் சட்டத்தில் வரும்போது அது சரி. இடைக்காலத்தில் அது ‘ஆன்மாவுக்காக’ என்ற தொடரிலிருந்து பிறந்த சொல். கட்டியவரின் மீட்புக்காகக் கட்டியது. ‘ஆன்மநலக் கொடை’ என்று வைக்கலாம்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். லெஸ்னொவோ கட்டுரையில் இந்தச் சொற்களையே ஆள எண்ணியிருக்கிறேன்.

அன்புடன்