70 வயதுக்குப் பிறகு வருமானக் கோடு குதிக்குது, வழி சொல்லுங்க

மட்டக்களப்பில் பிரதேச செயலகங்களில் முதியோர் விடயம் பார்க்கிற உத்தியோகத்தர்களுக்கு ஒன்லைன் பயிற்சி ஒன்று தயாரிக்கிறேன். என்.டி.ஏ. என்கிற தேசிய பரிமாற்றக் கணக்கு முறையில், எந்த வயதில் எவ்வளவு உழைக்கிறோம், எவ்வளவு செலவழிக்கிறோம் என்று கோடு போடுவதுதான் விசயம். மூன்றாம் பாடத்திலேயே மூன்று கிழமையாக நிற்கிறேன்.

தரவு 2019 வீட்டு வருமான, செலவின ஆய்வு. வயல் வருமானத்தில் மூன்றில் இரண்டை உழைப்பு என்று எடுத்து, சம்பளமில்லாமல் உதவுகிற வீட்டாருக்கும் சேர்த்து, அந்தந்த வயதுச் சம்பளக்காரரின் சராசரிப்படி பிரிக்க வேண்டும். 70 தாண்டியும் சம்பளம் எடுக்கிறவர்கள் ஆய்வுக்கு எடுத்த எங்கட மாவட்ட மாதிரியில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆக்கள்தான். அதனால் 71இல் கோடு தரையில், 74இல் வானத்தில். பாடத்தைப் பார்த்த, வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை உத்தியோகத்தர் ஒருவர், "அப்ப சேர், விடிய வட்டைக்கு (வயலுக்கு) போற எங்கட அப்பா எந்தப் புள்ளியில இருக்கிறார்?" என்றார். நல்ல கேள்வி, என்னிடம் பதில் இல்லை.

அம்பாறைத் தரவையும் சேர்த்தேன். ஐந்தைந்து வயதாகவும் கட்டினேன். கொஞ்சம் அடங்கியது, போதாது. 'ஆர்' (R) என்கிற புள்ளிவிபர மென்பொருளில் கோட்டின் ஏற்ற இறக்கத்தைச் சீராக்கினால் அழகாக வருகிறது, ஆனால் பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிப்பேரிடம் போன் மட்டும்தான்.

கூகுள் ஷீட்ஸிலேயே, ஒவ்வொரு வயதின் மாதிரி எண்ணிக்கையை எடையாக வைத்து இந்தக் கோட்டைச் சீராக்குகிற சூத்திரம் யாரிடமாவது இருக்கா?