மஹிந்திரா தார் டீசலுக்கு ரீமேப் போட்டால் வாரண்டி என்ன ஆகும்?

கோவை_தார்:

வணக்கம். என்னுடையது 2023 தார், 2.2 டீசல், மேனுவல், 4×4. 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, வாரண்டி இன்னும் 14 மாதம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் கம்பெனி டயரை (255/65 ஆர்18) கழற்றிவிட்டு 255/70 ஆர்18 ஆல்-டெரைன் போட்டேன். அதிலிருந்து வண்டி மந்தமாகிவிட்டது. வால்பாறை ஏறும்போது கொண்டை ஊசி வளைவிலிருந்து இரண்டாவது கியரில் வெளியே வந்தால் இழுக்கவே மாட்டேன் என்கிறது, பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறார்.

ஒரு டியூனிங் கடையில் கேட்டேன். ஸ்டேஜ் 1 ரீமேப் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் புரோகிராமை மட்டும் மாற்றி எழுதுவது) போட்டால் பவர் 130 பிஎஸ்ஸிலிருந்து 165 ஆகும், டார்க் (சுழற்றும் விசை) 300 என்எம்மிலிருந்து 380 ஆகும் என்கிறார்கள். சர்வீஸுக்கு விடும் முன் வண்டியைக் கொண்டுவந்தால் பழைய ஃபைலைத் திருப்பி ஏற்றித் தருவார்களாம், யாருக்கும் தெரியாதாம். இதே 2.2 எம்ஹாக் டீசல் என்ஜின் மஹிந்திராவின் எக்ஸ்யூவி 700-ல் 185 பிஎஸ் கொடுக்கிறதே, அப்போது என்ஜின் தாங்கும்தானே? ரீமேப் போடலாமா, இல்லை கழற்றி மாட்டுகிற டியூனிங் பாக்ஸ் வாங்கலாமா?

மலையேறி:

நண்பரே, முதலில் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பழைய டயரின் விட்டம் சுமார் 789 மில்லிமீட்டர், புதியது 814. அதாவது 3 சதவீதம் பெரியது, அந்த அளவுக்கு எல்லா கியரும் நீண்டுவிட்டது. அதோடு ஆல்-டெரைன் டயர் ஒவ்வொன்றும் சில கிலோ கூடுதல், அந்த எடை சக்கரத்தின் ஓரத்தில் சுற்றுவதால் வண்டியைக் கிளப்பும்போது நன்றாகவே தெரியும்.

இந்த என்ஜினுக்கு முழு டார்க் 1,600 ஆர்பிஎம்மில்தான் வரும். வளைவில் இரண்டாவது கியரில் வேகம் குறையும்போது நீங்கள் 1,200, 1,300-ல் இருப்பீர்கள், அங்கே என்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தருகிற டர்போ இன்னும் முழித்திருக்காது. டீசலைக் கூட்டினாலும் எரிக்கக் காற்று வேண்டுமே, காற்று இல்லாமல் புகைதான் வரும். ரீமேப்பில் கிடைக்கிற பலம் பெரும்பாலும் 1,800-க்கு மேலேதான். உங்களுக்குத் தேவையான இடத்தில் பெரிய மாற்றம் இருக்காது. வளைவுக்கு முன்பே முதல் கியர் போட்டுப் பாருங்கள்.

ஆஃப்-ரோடுக்கும் அப்படித்தான். லோ ரேஞ்ச் (4×4-ல் இருக்கிற மெதுவான கியர் நிலை) போட்டால் சக்கரத்துக்குப் போகிற டார்க் சுமார் இரண்டரை மடங்கு ஆகிவிடுகிறது. பாறையில் ஏறும்போது வேண்டியது நிதானம். ரீமேப் போட்ட வண்டிகளில் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டாலே துள்ளுகிறது, கல்லுக்கு நடுவே அது பெரிய தொல்லை.

டீசல்_மெக்கானிக்:

"யாருக்கும் தெரியாது" என்று சொன்னார்களே, அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதை நம்பி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது வருகிற பல ஈசியூக்களில் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எத்தனை முறை புரோகிராம் எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை உள்ளே பதிவாகும். பழைய ஃபைலைத் திருப்பி ஏற்றுவதும் ஒரு முறை எழுதுவதுதான், எண்ணிக்கை கூடத்தான் செய்யும், குறையாது. கம்பெனி கணக்கில் இரண்டு முறை, ஈசியூவில் ஐந்து முறை என்று இருந்தால் கேள்வி வரும். சின்ன சர்வீஸில் யாரும் இதைப் பார்ப்பதில்லை, உண்மைதான். என்ஜினோ டர்போவோ போய் பெரிய கிளெய்ம் வந்தால்தான் தோண்டுவார்கள், உங்களுக்கு வாரண்டி தேவைப்படுவதும் அப்போதுதான்.

டியூனிங் பாக்ஸும் ஒளியாது. அது ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகிற டீசலின் அழுத்தம்) சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து பிரஷர் குறைவாக இருப்பதாகக் காட்டும், ஈசியூ அதை நம்பி பிரஷரை ஏற்றும். இன்ஜெக்டரும் ஹை பிரஷர் பம்ப்பும்தான் அந்தச் சுமையைத் தாங்குகின்றன. ஏதாவது ஃபால்ட் வந்தால் அந்த நொடியின் ஆர்பிஎம், லோடு, வெப்பநிலை எல்லாம் ஃபால்ட் கோடுடன் (கோளாறு எண்) சேர்ந்து பதிவாகிவிடும், பாக்ஸைக் கழற்றினாலும் அது அங்கேயே இருக்கும்.

எக்ஸ்யூவி 700 கணக்கும் சரியில்லை தம்பி. என்ஜின் பெயர் ஒன்று என்பதற்காக டர்போ, இன்ஜெக்டர், இன்டர்கூலர், கிளட்ச் எல்லாம் ஒன்றாகிவிடாது, பார்ட் நம்பர் வைத்து ஒப்பிட வேண்டும். அந்த வண்டியிலேயே ஆட்டோமேட்டிக்குக்கு 450 என்எம், மேனுவலுக்கு 420 என்எம்தான். ஸ்கார்பியோ-என்னிலும் அப்படியே, ஆட்டோமேட்டிக்குக்கு 400, மேனுவலுக்கு 370. செய்தவர்களே மேனுவலுக்குக் குறைத்துக் கொடுக்கும்போது, 300 என்எம்முக்கு அமைத்த உங்கள் கிளட்ச்சில் 380-ஐ ஏற்றுவதற்கு முன் யோசியுங்கள். இன்னொன்று, பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி) வண்டி என்பதால் டிபிஎஃப், அதாவது புகையில் வரும் கரியைப் பிடிக்கிற ஃபில்டர், இருக்கிறது. ரீமேப்பில் கரி கூடினால் அது சீக்கிரம் அடைக்கும். அப்போது "டிபிஎஃப் ஆஃப் செய்துவிடலாம்" என்று அதே கடைக்காரர் சொல்வார். அது சட்டத்துக்கு விரோதம், தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பழைய_டயர்:

என் அனுபவம். வண்டி பெயர் வேண்டாம், அதுவும் டீசல் 4×4தான். வாரண்டி இருக்கும்போதே ரீமேப் போட்டேன், ஓட்ட அருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். எட்டாவது மாதம் நாலாவது கியரில் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் வழுக்கிவிட்டது, ஃப்ளைவீலும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது. சர்வீஸ் சென்டரில் கேட்டார்கள், ரீமேப் போட்டதை ஒப்புக்கொண்டேன், முழுச் செலவும் என் கையிலிருந்துதான் போனது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, புக்லெட்டில் தெளிவாகவே எழுதியிருந்தது.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டுச் சிலர், மாற்றத்தால்தான் கோளாறு வந்தது என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்பார்கள். அது அங்கே 1975-ல் வந்த மேக்னஸன்-மாஸ் சட்டத்தை வைத்துச் சொல்வது. இங்கே உங்கள் வாரண்டி புக்லெட்டில் உள்ள நிபந்தனைதான் முதலில் பேசும், அதை எதிர்த்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஆனால் வண்டி அதுவரை ஷெட்டில் நிற்கும்.

ஆர்டிஓ விஷயமும் இருக்கிறது. உற்பத்தியாளர் கொடுத்த அசல் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)-ல் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்தால் விபத்துக்குப் பின் அது தனிச் சண்டை.

கோவை_தார்:

எல்லோருக்கும் நன்றி. டயர் கணக்கை நான் யோசிக்கவே இல்லை. பழைய டயர்கள் வீட்டில்தான் இருக்கின்றன. வரும் ஞாயிறு அதை மாட்டிக்கொண்டு ஆழியாரிலிருந்து அட்டகட்டி வரை ஏறிப் பார்க்கிறேன், முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும். ரீமேப்புக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். மெக்கானிக் அண்ணா, ஒரு சந்தேகம்: இந்தப் பெரிய டயரையே வைத்துக்கொண்டால் டிரைவ் ஷாஃப்ட், வீல் பேரிங் கிளெய்முக்கும் இதே கேள்வி வருமா?

டீசல்_மெக்கானிக்:

வரலாம் தம்பி. வீல் பேரிங்கும் சஸ்பென்ஷனும் அந்த எடையை நேரடியாகத் தாங்குபவை. டயர் மாற்றிய பில்லைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த சர்வீஸில் ஜாப் கார்டில் டயர் அளவை எழுதச் சொல்லுங்கள். ஸ்பீடோமீட்டரும் இப்போது குறைத்துக் காட்டும், 80 என்றால் உண்மையில் 82-க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள்.