'மண்தார் டயர்', 'தார்மண் டயர்': ஒரு கலைச்சொல் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் ஓட்டுகிற அட்வெஞ்சர் பைக்குகளின் டயருக்கு நம் குழுவில் ஒரு தமிழ்ப்பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். உங்களிடமிருந்து இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: இருபயன் வட்டகை, அனைத்துநில டயர், இருதட டயர். ஒரு வாரமாக மூன்றையும் வாயில் போட்டு உருட்டிப் பார்த்தேன். எதுவும் முழுசாக ஒட்டவில்லை. காரணங்களைச் சொல்லிவிட்டு என் பரிந்துரையை வைக்கிறேன்.

முதலில் 'டயர்'. அதை 'வட்டகை' என்று மாற்றவேண்டாம், அப்படியே இருக்கட்டும். மாட்டுவண்டிச் சக்கரத்தில் வட்டை என்பது மர வளையம், அதன்மேல் ஏற்றுவது இரும்புப் பட்டை. காற்றடைத்த ரப்பருக்கு அந்தப் பெயர்களை இழுத்தால் இரண்டு பொருளும் குழம்பும். எல்லார் வாயிலும் பழகிய சொல்லை விட்டுவிட்டு, எதற்குச் சொல் இல்லையோ அதில் உழைப்போம்.

குழுவில் ஐயா ஒருவர் தந்த 'இருபயன்' இலக்கணப்படி பழுதில்லாதது. ஆனால் டயர் வாங்கப் போகிறவருக்கு அது போதவில்லை. மிஷலின் நிறுவனத்தின் இரண்டு டயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'அனகீ அட்வெஞ்சர்' 80 பங்கு சாலைக்கு, 20 பங்கு மண்ணுக்கு என்கிறார்கள். 'அனகீ வைல்டு' பாதிக்குப் பாதி. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே வேலைக்கானவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். முன்னதில் ரப்பர் நெருங்கி நிறைந்திருக்கும், பின்னதில் கட்டை கட்டையாகத் தனித்து நிற்கும். 'இருபயன்' என்றால் இரண்டும் அதில் அடங்கிவிடும். எந்தப் பக்கம் சாய்ந்த டயர் என்பதுதான் வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி. பெயர் அதற்குப் பதில் சொல்லவேண்டும்.

'அனைத்துநிலம்' வேண்டவே வேண்டாம். சேற்றுக்கும் மணலுக்கும் மழை நனைத்த சாலைக்கும் ஒருசேரப் பொருந்தும் டயர் கிடையாது. இல்லாத ஒன்றைச் சொல் வாக்களிக்கக் கூடாது.

தோழி ஒருவர் சொன்ன 'இருதட டயர்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தடம் என்றால் பாதை, பதிந்த சுவடும் தடம். டயருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது என்றே நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது: பைக் ஓடினால் விழுவது ஒரே தடம், கார் ஓடினால் விழுவது இரண்டு. 'இருதட' என்றதும் நான்கு சக்கர வண்டி நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது. மனசில்லாமல்தான் விடுகிறேன்.

பிஎம்டபிள்யூ 1980இல் 'ஆர்80 ஜி/எஸ்' பைக்கைக் கொண்டுவந்தபோது எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று பாருங்கள். ஜெர்மன் மொழியில் ஜி என்பது கெலெண்டே, அதாவது காடுமேடான நிலம். எஸ் என்பது ஷ்ட்ராஸே, சாலை. பயன், வகை என்றெல்லாம் போகாமல் ஓடும் இடங்கள் இரண்டையும் நேராகச் சொல்லிவிட்டார்கள். நமக்கோ உம்மைத்தொகை இருக்கிறது, நடுவில் சாய்கோடுகூடத் தேவையில்லை. மண்ணும் தாரும், மண்தார். 'இரவுபகல்' மாதிரி.

என் பரிந்துரை இதுதான். எந்தப் பக்கம் டயர் சாய்கிறதோ அந்தச் சொல் முன்னால் வரட்டும். சாலைக்குச் சாய்ந்தது தார்மண் டயர். மண்ணுக்குச் சாய்ந்தது மண்தார் டயர். அளவு சொல்ல வேண்டிய இடத்தில் 'தார்ப்பங்கு 80, மண்பங்கு 20' என்று எழுதலாம். இந்த எண்களுக்குப் பொது அளவுகோல் கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தானே சொல்லிக்கொள்வது. அதனால் எண்ணைவிட வரிசையே நம்பகமான தகவல். கான்கிரீட் சாலை விடுபடுகிறதே என்று கேட்கலாம். ஆகுபெயராகக் கொள்வோம், தார் என்றால் போட்ட சாலை, மண் என்றால் போடாத பாதை.

சரி, பாதிக்குப் பாதி டயரை எதில் சேர்ப்பது? டயரைப் பார்த்தால் தெரியும். அதைச் சொல்ல இன்னொரு சொல் தேவைப்படுகிறது. மேலே துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளைப் பட்டறையில் 'பட்டன்' என்பார்கள், இங்கே 'குமிழ்' என்று ஒரு யோசனை வந்தது. இரண்டும் உருண்டையானவை. டயரில் வேலை செய்வதோ கூரான விளிம்பு, அதுதான் மண்ணைக் கடிக்கிறது. ஆகவே பல் என்போம். சீப்புக்கும் ரம்பத்துக்கும் பல் இருக்கிறதே. செயின் சக்கரத்துக்கும் பல் உண்டு என்பது உண்மை, குழப்பம் வரும் இடத்தில் 'டயர்ப்பல்' எனலாம்.

இதை ஏற்றுக்கொண்டால் மற்ற சொற்கள் தாமாகவே வருகின்றன. பற்களுக்கு நடுவே உள்ள வெளி பல்லிடுக்கு. இடுக்கு அகலமாக இருந்தால் டயர் சுற்றும்போது சேறு உதிர்ந்து விழும். குறுகலாக இருந்தால் சேறு அப்பிக்கொள்ளும், நாலு சுற்றில் மொட்டை டயர்தான். அகன்ற இடுக்கும் தனித்து நிற்கும் பல்லும் இருந்தால், நிறுவனம் என்ன எண் சொல்லியிருந்தாலும் அதை மண்தார் என்றே சொல்வேன்.

உயரமான பல் தார்ச்சாலையில் பாரம் தாங்கும்போது வளைந்து நெளியும். வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது அடியில் ஏதோ நகர்வதுபோல் இருக்குமே, அது பல்லாட்டம். அதனால் சூடேறும், சீக்கிரம் தேயும். என் முன்சக்கரத்தில் இருந்த மண்தார் டயரை ஒருநாள் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். ஒரு திசையில் வழவழவென்று போனது, திருப்பித் தடவினால் ரம்பம்போல் தடுத்தது. ஒவ்வொரு பல்லும் ஒரு விளிம்பு கூராகவும் மறு விளிம்பு தணிந்தும் தேய்ந்திருந்தது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பல் ஒரே பக்கமாக வளைந்ததன் விளைவு. 'பட்டன் தேய்ந்தது' என்றால் இந்தப் படம் வராது. 'பல் ஒருபக்கம் மழுங்கியது' என்றால் வரும்.

டயர் ஓரத்தில் இருக்கும் வேக எழுத்துக்கு 'வேகக்குறி' போதும். டயர் தாங்கும் அதிகபட்ச வேகத்தை அது சொல்கிறது: க்யூ என்றால் மணிக்கு 160 கி.மீ., ஹெச் என்றால் 210, வி என்றால் 240. மண்தார் டயர்களில் க்யூ சாதாரணமாகக் கண்ணில் படும்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் பலம் தெரியும்: "நெடுஞ்சாலையில் மூட்டைமுடிச்சோடு வேகமாகப் போகிறவர், கடைசியில் கொஞ்சம் கெட்டியான மண்பாதை மட்டும் வருமென்றால், தார்மண் டயரே எடுக்கட்டும். அந்தக் கொஞ்ச தூரம் ஆழமான சேறாக இருந்தால் கிலோமீட்டர் கணக்கு உதவாது, மண்தார் டயர்தான் வேண்டும். திரும்பும் வழியில் மழை பெய்தால் பல்லாட்டத்தை மனதில் வைத்து முன்கூட்டியே பிரேக் பிடிக்கவேண்டும்." இதைப் படித்துவிட்டு எங்கே தடுக்கியது என்று சொல்லுங்கள்.

ஒன்று பாக்கி. சில பின் டயர்களில் நடுவில் பல் பிரியாமல் தொடர்ச்சியாக ஒரு ரப்பர் பட்டை ஓடும், நேர்சாலையில் தேய்மானத்தைக் குறைப்பதற்காக. 'நடுவரி' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் வரி என்றால் கோடு, இங்கே இருப்பதோ புடைத்த பட்டை. பல் என்று தொடங்கிய பிறகு 'ஈறு' என்று போகலாமா என்றும் தோன்றுகிறது. உங்கள் யோசனைகளை எழுதுங்கள்.